தவிர்க்க முடியாத சுவர்

எங்கள் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் சேலம் மாவட்டத்தில் எந்தச் சுவரும் விழக்கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் புரிந்துகொண்டிருந்தேன். அது பிழை. சுவர் தாராளமாக விழலாம். அதை யாரும் தடுக்கத்தான் கூடாது.

அலுவலகத்தின் பெயர் பொதுக் கட்டடப் பராமரிப்புச் சிக்கனப் பிரிவு. சீனச் சண்டைக்கு மறு ஆண்டு, வீண் செலவைக் குறைப்பதற்காகச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து இதைத் தொடங்கினார்கள். தனி அலுவலர் ஒருவர், கண்காணிப்பாளர் ஒருவர், தற்காலிக எழுத்தனாக நான், ஒரு ஜீப். பள்ளிக்கூடமோ சத்திரமோ கிணற்றுமேடையோ, எது பழுதுபட்டாலும் மனு எங்களிடம் வரும். எங்களைத் தாண்டிப் போன மனு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நான் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாலையில் மாதா கோவிலை அடுத்த மண்டபத்தில் சவரியார் சார் நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவேன். லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறவர்கள், ஜவுளிக் கடையில் துணி மடிக்கிறவர்கள், நான். சார் ஒரு விதி வைத்திருந்தார். இன்று கற்ற சொல்லை நாளைப் பொழுது சாய்வதற்குள் ஓர் உண்மையான வேலைக்குப் பயன்படுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நமக்குச் சொந்தமாகாது. நான் விதிகளைக் கடைப்பிடிக்கிறவன். வேறு திறமை எதுவும் எனக்கு இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்று கற்ற சொல் ‘இனெவிட்டபிளி’.

“தவிர்க்க முடியாதபடி,” என்றார் சார். “என்ன செஞ்சாலும் நடந்தே தீரும்னாதான் இதைப் போடணும். பொழுது விடியறதுக்குப் போடலாம். மனுஷன் சாகறதுக்குப் போடலாம். மழையில நனையறதுக்குப் போடக்கூடாது. குடைன்னு ஒண்ணு இருக்கு.”

லாரி ஷெட் வேலுமணி எழுந்தான். “எங்க மொதலாளி இனெவிட்டபிளி என்னையத் திட்டுவாருங்க சார்.”

“அவரால வாயை மூட முடியாதா?”

“முடியுமுங்க. மூட மாட்டாருங்க.”

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்காமல் கொஞ்சம் யோசித்தார். “இங்கிலீஷ்காரன் அதுக்கும் இந்தச் சொல்லைப் போடுவான், வேலுமணி. வழக்கமா நடக்கிற ஒண்ணைத் தலைவிதி மாதிரி சொல்றது. கேலிக்கு. நீங்க இப்போதைக்கு நேரா எழுதப் பழகுங்க. கேலியெல்லாம் அப்புறம்.”

இரண்டு பயன்பாட்டையும் நான் தனித்தனியாக எழுதிக்கொண்டேன். எங்கள் அலுவலகம் இதில் எந்தப் பயன்பாட்டைச் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சென்னம்மாள் வந்தாள். எடப்பாடிக்கு மேற்கே கரட்டுவளவு என்ற ஊர். அங்கே ஓரறைப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். அவள் மகள் சின்னாயி அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் கூரை மரத்தூண்களின் மேல் நிற்கிறது. சுவர்கள் காற்றையும் ஆடுகளையும் மறிப்பதற்காகக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. கிழக்குச் சுவர் ஒரு சாண் உள்ளே சாய்ந்துவிட்டது. மனுவில் கையெழுத்துப் போட்டால் எங்கே தன்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களோ என்று வாத்தியார் பயந்ததால், ஊரார் கைநாட்டு வைத்த தமிழ் மனுவோடு இவள் பஸ் ஏறி வந்திருந்தாள்.

கண்காணிப்பாளர் மயில்சாமி அந்தக் காகிதத்தைத் தொடவில்லை.

“இங்கிலீசுல எழுதியாந்தா ஒடனே பைசல் ஆயிரும் அம்மிணி. தமிழ்ல இருந்துதுன்னா அதெ இங்கிலீசு பண்ண ஒரு ஆளு போடோணும். அந்த ஆளெப் போடறதுக்கு மெட்ராசுல இருந்து உத்தரவு வரோணும்.”

“எனக்குத் தமிளே கைநாட்டுத்தானுங்க சாமி,” என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “தம்பீ, நீங்க எழுதிக் குடுங்க. செவுரு உள்ளார சாஞ்சு நிக்குது. அதுக்குக் கீளதான் புள்ளைங்க உக்காருது. ஐப்பசி மளெ புடிச்சா ஊறி உளுந்துருமுங்க. எம்புள்ள செவுத்தோரமா உக்கார்றவ. அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் பலகையில எழுதுவா.”

என் மாலை வகுப்புச் சொல் மனதில் இருந்தது. பொழுது சாய இன்னும் நேரமும் இருந்தது. ஆனாலும் நான் அவசரப்படவில்லை. சுவர் மண். மழை நீர். நீரில் மண் கரையும். சுவருக்குக் குடை பிடிக்க முடியாது. ஆகவே சொல் பொருந்துகிறது என்று சரிபார்த்துக்கொண்டு, ‘இந்தச் சுவர் குழந்தைகளின் மேல் இனெவிட்டபிளி விழும்’ என்று இங்கிலீஷில் எழுதினேன். அந்த வாக்கியத்தைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

படித்ததும் மயில்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, மணியான வார்த்தெ போட்டிருக்கறயேப்பா!” என்று சொல்லி, முத்திரையை எடுத்து ‘முடிக்கப்பட்டது’ என்று குத்தினார்.

சென்னம்மாள் கும்பிட்டாள். “கொத்தன் எப்பங்க வருவான்?”

“கொத்தன் எதுக்கு?”

“செவுத்தெ நிமுத்தறதுக்குங்க.”

மயில்சாமி பொறுமையானவர். அவளை விட்டுவிட்டு எனக்கு விளக்கினார். “ஏப்பா ஞானதாசு, தவிர்க்க முடியாம உளுவும்னு நீதான எழுதியிருக்கறெ? தவிர்க்க முடியாத ஒண்ணெத் தவிர்க்கறதுக்குக் காசு செலவு பண்ணுனா அது வீண் செலவா இல்லியா? வீண் செலவெத் தடுக்கத்தானப்பா இந்த ஆபீசே இருக்குது.”

அதில் பிழை எங்கே இருக்கிறது என்று எனக்கு உடனே தெரியவில்லை. என் புத்தி எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். மாலையில் சவரியார் சாரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சொல் சரியாத்தான் போட்டிருக்கே. படிக்கிற ஆளு யாருன்னுதான் நான் சொல்லிக் கொடுக்கலை. ‘பழுது பார்த்தா விழாது’ன்னு இன்னொரு மனு எழுது.”

அப்படியே எழுதினேன். அடுத்த முறை சென்னம்மாள் வந்தபோது அதை அவளே மயில்சாமியிடம் நீட்டினாள். அவர் இன்னும் சந்தோஷப்பட்டார். “பளுது பாத்தா உளுவாது. அப்பிடின்னா இது தவிர்க்கக்கூடியது. தவிர்க்கக்கூடியதெச் சம்பந்தப்பட்டவிங்களே தவிர்த்துக்கோணும். சர்க்காரு எதுக்கு?” மறுபடியும் முத்திரை குத்தினார். பிறகு கரட்டுவளவுப் பள்ளிக்கு ஓர் உத்தரவு போயிற்று: மாணவர்கள் மேற்படி சுவரைத் தவிர்க்க வேண்டும்.

சென்னம்மாள் மூன்றாம் முறை பஸ் ஏறி வந்தாள். “இருக்கறது ஒரு அறெங்க. இக்கட்டத் தள்ளி உக்கார வெச்சா அக்கட்டப் பாதிப் புள்ளைங்க வெளிய போயிருது. அந்தப் புள்ளைங்கள எங்கீங்க வெக்கறது, கூரெ மேலயா?”

“கூரெ வேற பிரிவு அம்மிணி. அதுக்குத் தனியா மனுக் குடுக்கோணும்,” என்றார் மயில்சாமி.

ஆனால் இப்போது ஒரு சிக்கல் வந்துவிட்டது. ஒரே சுவர் ‘தவிர்க்க முடியாதவை’ என்ற அலமாரியிலும் இருந்தது, ‘தவிர்க்கக்கூடியவை’ என்ற அலமாரியிலும் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எந்தச் சுவரும் இப்படி நடந்துகொண்டதில்லை. எது சரி என்று முடிவுசெய்யத் தனி அலுவலர் பாலசுந்தரமே நேரில் போவது என்று ஆயிற்று. நான் அளவு நாடாவும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் ஏறினேன். மனதில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கண்ணால் பார்த்தால் எவருக்கும் தெரிந்துவிடும் சாய்வு அது.

கரட்டுவளவில் ஜீப் நின்றதும் பாலசுந்தரம் இறங்கி, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த வேலியோரம் போய் நின்றுகொண்டார். அங்கேயே நாற்காலி போடச் சொன்னார். சுவருக்குப் பக்கத்தில் நானும் குழந்தைகளும் மட்டும் இருந்தோம். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு சாண் இடைவெளி என்று உரக்கச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே ஊராருக்குப் பேசினார்.

“பெரியோர்களே, இந்த அலுவலகம் தொடங்கி இன்றுவரை ஒரு கட்டடத்தைக்கூட நாங்கள் பழுது பார்த்ததில்லை. இதன் பொருள் என்ன? இந்த மாவட்டத்தில் ஒரு கட்டடத்துக்குக்கூட எங்கள் பழுது தேவைப்படவில்லை! சுவர் விழுமா, விழாதா என்று மற்ற அரசாங்கங்கள் குழம்புகின்றன. நாங்கள் குழம்புவதில்லை. விழும் என்று சொல்கிறோம், காத்திருக்கிறோம். நான் இந்தச் சுவரை நேரில் பார்த்துவிட்டேன். இதன் அருகில் நிற்பதற்கு எனக்கே அச்சமாக இருக்கிறது. ஆகவே, குழந்தைகளே, நீங்கள் எந்தக் குழப்பமும் இல்லாமல் படிக்கலாம்.”

வாத்தியார் கைதட்டினார். பிறகு குழந்தைகள் கைதட்டினார்கள்.

சிவப்புச் சாயம் கொண்டுவந்திருந்தோம். அலுவலர் சொன்னபடி, ‘தவிர்க்க முடியாதது’ என்று சுவரில் பெரிதாக நானே எழுதினேன். என் முழங்கைக்குக் கீழே உட்கார்ந்திருந்த சின்னாயி ஓர் எழுத்து விடாமல் அதைக் கூட்டிப் படித்தாள். ‘ர்க்’கில் மட்டும் கொஞ்சம் நின்றாள். அது சாலைக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

“பார்த்தீர்களா? சுவர் கற்பிக்கவும் செய்கிறது!” என்றார் பாலசுந்தரம்.

சென்னம்மாள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் கிளம்பும்போது என்னிடம் மட்டும் கேட்டாள்: “ஏனுங்க தம்பீ, இத்தனெ தூரம் ஜீப்புல வந்தது சாயம் பூசறதுக்குங்களா?”

ஐப்பசி பிறந்து முதல் மழை இரவெல்லாம் பெய்தது. மறுநாள் அலுவலகத்தில் நான் ஒரு வரியும் ஒழுங்காக எழுதவில்லை. எடப்பாடிப் பக்கமிருந்து யார் படியேறி வந்தாலும் எழுந்து நின்றேன். மத்தியானம் சென்னம்மாளே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் சேறு காய்ந்திருந்தது.

“அந்தச் செவுத்தால இனித் தொல்லெ இல்லீங்க சாமி,” என்று மயில்சாமியிடம் சொன்னாள். குரலில் சந்தோஷம். “வெடியறதுக்கு மிந்தியே கடப்பாரெயப் போட்டு நாங்களே தள்ளிப்போட்டோம். ஒரு புள்ளெ மேலயும் ஒரு கல்லு உளுவுல. நீங்கெல்லாம் அலஞ்சீங்களே, சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

மயில்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “தள்ளிப்போட்டீங்களா? உளுந்துதா, தள்ளுனீங்களா?”

“தள்ளினோமுங்க.”

“தானா உளுந்துருச்சுன்னு சொல்லு அம்மிணி,” என்றார் தாழ்ந்த குரலில். அவர் கெட்டவர் இல்லை.

“தானா உளுந்திருந்தா நான் இங்க வந்து நிப்பனுங்களா?”

அதற்குள் பாலசுந்தரம் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உண்மையாகவே மனம் நொந்துபோனதை நான் பார்த்தேன்.

“தவிர்க்க முடியாது என்று அரசாங்கம் எழுதிய ஒன்றை நீ தவிர்த்திருக்கிறாய். எழுத்து பொய்யாகிவிட்டது. நாளைக்கு எல்லா ஊரிலும் இப்படித் தவிர்க்க ஆரம்பித்தால் நாங்கள் எதற்கு?”

“புள்ளைங்களுக்கு அடிபடலீங்களே சாமி.”

“அடிபட்டிருந்தால் கோப்பு ஒழுங்காக இருந்திருக்கும்,” என்றார் அவர். சொன்னது தவறாகப் போய்விட்டதோ என்று ஒரு கணம் நிறுத்தினார். நான் அதையும் குறித்துக்கொள்வதைப் பார்த்துத் தொடர்ந்தார்.

முடிவு இது: பொதுச் சொத்தை இடித்ததற்காகச் சென்னம்மாள் மேல் போலீஸில் புகார் கொடுக்கப்படும், சமையல் வேலையும் போகும். ஆனால் அரசாங்கம் கருணை உள்ளது. சுவர் முன்பிருந்த நிலைக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டால் புகார் இல்லை. அதற்கு நிதி உண்டா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். உண்டு. பழுது பார்க்கத்தான் நிதி இல்லை. முன்னிலைக்குக் கொண்டுவர என்று தனித் தலைப்பில் நிதி அப்படியே கிடந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

“முந்தி இருந்த நெலெமென்னா?” என்றாள் சென்னம்மாள்.

“ஒரு சாண் சாய்வு. உள்பக்கமாக. அளவு கோப்பில் இருக்கிறது,” என்றார் அலுவலர்.

கரட்டுவளவுக் கொத்தன் காத்தானிடம் உத்தரவைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டான்.

“சாச்சுக் கட்டோணுமுங்களா?”

“ஆமாம்.”

“சாஞ்ச செவுத்தெ நிமுத்தக் கூப்புடுவாங்க. நேரா நிக்கறத இடிக்கக் கூப்புடுவாங்க. இதுக்கு யாரும் கூப்புட்டதில்லீங்களே.” பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தான். “நான் போதையில கட்டுனா வருமோ என்னமோ.”

“போதையில கட்டுன உன்ற ஊடும் அப்பிடித்தான வந்துச்சு!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சென்னம்மாள் சிரிக்கவில்லை.

காத்தான் முயன்று பார்க்காமல் இல்லை. இடுப்பளவு உயர்ந்ததும் கல் சரிந்து அவன் காலடியில் விழும். மறுநாள் மறுபடியும். “கோப்புல நிக்குதுங்க, கொல்லையில நிக்க மாட்டேங்குது,” என்று என்னிடம் சொன்னான். அலுவலர் தணிக்கைக்கு வரும் நாள் நெருங்கியது. கடைசியில் அவன் சுண்ணாம்பைக் குழைத்து, நல்ல கல்லாகப் பொறுக்கி, தனக்குப் பழகினபடி நேராகவே கட்டி முடித்துவிட்டான். நல்ல சுவர். அதன் நிழலில் குழந்தைகள் அன்றே போய் உட்கார்ந்துவிட்டார்கள். சென்னம்மாளுக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜீப் வந்தது. பாலசுந்தரம் முன்போலவே எதிர்ப்புறம் வேலியோரம் போய் நின்றார். மயில்சாமி அவருக்குக் குடை பிடித்தார். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. நான் சுவரோரம் போய்த் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். கயிறு மேலிருந்து கீழ்வரை சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு நூல்கூட இடைவெளி இல்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு அது தெரிந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குத் தெரியாது.

“எவ்வளவு?” என்று கத்தினார் அலுவலர்.

நான் அளவுகளில் பொய் சொன்னதில்லை. அளவைத் தவிர வேறு எதையும் உறுதியாக நம்பாதவன் நான். சென்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சாண்!” என்றேன்.

“உள்பக்கமாகவா?”

“உள்பக்கமாகத்தான் சார்.”

பிறகு காத்தான் மிகவும் பணிவாக, “கஷ்டப்பட்டுச் சாச்சதுங்க,” என்றான்.

பாலசுந்தரம் மகிழ்ந்துபோனார். அங்கேயே கையெழுத்திட்டார். சென்னம்மாள் மேல் புகார் இல்லை. எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நான் நினைத்தேன். எதையும் அதன் அடுத்த வரி வரைக்கும் யோசிக்கத் தெரியாததுதான் என் பெரிய குறை. அடுத்த வரியை அலுவலர் ஜீப்பில் ஏறும்போது சொன்னார்.

“மயில்சாமி, ஒரு சுவர் தவிர்க்க முடியாமல் விழும் என்று முதல் தடவை எழுதினால் அது கருத்து. இரண்டாம் தடவையும் எழுதினால் அது அபாயம். சுற்றறிக்கையில் இருக்கிறது. பள்ளியைப் பூட்டிவிடுங்கள். சுவர் விழுந்த பிறகு திறக்கலாம்.”

“அதுவரைக்கும் சமையலுங்க சார்?”

“குழந்தைகள் இல்லாமல் யாருக்குச் சமைப்பது?”

பூட்டை மயில்சாமி போட்டார். நான் சாயத்தை எடுத்து, புதுச் சுண்ணாம்பின் மேல் பழைய வாசகத்தை மறுபடியும் எழுதினேன். இந்த முறை அதை யாரும் கூட்டிப் படிக்கவில்லை.

வகுப்பில் சவரியார் சாரிடம் எதையும் சொல்லவில்லை. அவரிடம் கேட்பதற்கு ஒரு சொல்லும் மிச்சமில்லை.

தை மாதம் ஒரு வேலையாக எடப்பாடிக்குப் போனபோது கரட்டுவளவுக்கு நடந்தேன். பள்ளிக்கூடக் கதவில் பூட்டு அப்படியே இருந்தது. வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். தறிக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் சின்னாயி ராட்டை முன்னால் உட்கார்ந்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், கை நிற்கவில்லை. அதே வீட்டில் சென்னம்மாள் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடத்தின் பக்கம் பார்த்தாள். கிழக்குச் சுவர் வெயிலில் நேராக நின்றது. அதற்குப் பிறகு பெய்த மூன்று மழைக்கும் அதில் ஒரு கீறல் விழவில்லை.

“நீங்கதான தம்பீ அளந்தீங்க,” என்றாள். “சொல்லுங்க. அது எப்பங்க உளுவும்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“உளுவாதுங்க அம்மா. நல்லாக் கட்டியிருக்குது.”